படிவத்தின் முதல் வரி

வீட்டில் தனியாக விட்டால் நாய்களுக்கு வரும் பிரிவுப் பதற்றத்துக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய காலத்தில் நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த ஒரே விஷயம் என் விவரப் படிவம்தான். மொத்தம் 71 கேள்விகள். நாய் எந்த வயதில் வீட்டுக்கு வந்தது, எங்கே தூங்குகிறது, யார் சாப்பாடு வைக்கிறார்கள், சாவிக்கொத்தை எடுத்தால் என்ன செய்கிறது, செருப்பை மாட்டினால் என்ன செய்கிறது என்பதில் தொடங்கி, கடைசியாக எப்போது வயிற்றுப்போக்கு வந்தது என்பதுவரை இருக்கும். புதிதாக யாராவது பேசினால் முதலில் அந்தப் படிவம்தான் போகும். அது நிரம்பித் திரும்பி வந்த பிறகுதான் மற்றப் பேச்சு. “எங்க டாக்டர்கூட என்னைப் பத்தி இவ்வளவு கேட்டதில்லை சார்” என்று ஒருவர் சலித்துக்கொண்டதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படிவத்தில் 23ஆவது கேள்வி இது: “தற்போது வாரத்தில் எத்தனை மணி நேரம் நாய் தனியாக இருக்கிறது?” இதற்கு ஒரு பெண்மணி ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தார். “விடுவதில்லை.” இரண்டு வருடமாக அந்தச் சொல் என்னை விடவில்லை. அது உண்மையில்லை என்பது ஏழு வாரம் கழித்துத் தெரிந்தது. ஆனால் அவர் பொய் சொன்னார் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

பார்க்க முடியாத வியாதி

கயிற்றை இழுக்கும் நாயை நான் நேரில் பார்க்கலாம். வாசல் மணி அடித்தால் பாயும் நாயையும் பார்க்கலாம், மணியை அடித்தால் போதும். பிரிவுப் பதற்றத்தை மட்டும் அப்படிப் பார்க்க முடியாது. ஆள் இல்லாதபோது வருவதுதான் இந்த வியாதி. நான் போய் உட்கார்ந்தால் அங்கே ஆள் இருக்கிறது, வியாதி இல்லை. வளர்ப்பவரும் அதை நேரில் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் மிச்சங்களைத்தான்: பிறாண்டிய கதவு, ஈரமான தரை, பக்கத்து வீட்டிலிருந்து வந்த புகார். ஆக, நான் கேட்பது ஒருவர் கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி. அவர் சொல்வது தடயங்களை வைத்துக் கட்டிய கதை. கதை சொல்பவர் மீது தப்பில்லை, நம் எல்லோர் மண்டையும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அந்தக் கதையை அப்படியே வாங்கிக்கொண்டு பயிற்சித் திட்டம் போட்டால் மாட்டிக்கொள்வோம்.

“பழி வாங்குது சார். விட்டுட்டுப் போனேன்னு கோவம். செஞ்சது தப்புன்னு அதுக்கே தெரியும், நான் உள்ள வந்ததும் தலையைக் குனிஞ்சுக்கும்.” இந்த மூன்று வாக்கியத்தையும் நான் கேட்காத மாதம் இல்லை. தலை குனிவது பற்றி நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 14 நாய்கள்தான், சின்ன ஆய்வு. நாய் தவறு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த ‘குற்ற உணர்வு முகத்துக்கும்’ தொடர்பே இல்லை, வளர்ப்பவர் திட்டினால் அந்த முகம் வருகிறது என்று காட்டியது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அந்த முகம் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. இதை நான் யாரிடமும் வாதமாக எடுத்து வைப்பதில்லை. முதல் சந்திப்பிலேயே ஒருவரை மடக்கினால் இரண்டாவது சந்திப்பில் அவர் வாய் திறக்க மாட்டார். “பழி வாங்குது” என்று சொன்னால் “சரி, உள்ளே வந்ததும் எங்கே நின்றிருந்தது? வால் எப்படி இருந்தது? நீங்கள் முதலில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்பேன். நான்கு கேள்வி தாண்டினால் ‘பழி’ என்ற சொல் தானாகவே உதிர்ந்துவிடும்.

இதனால்தான் வீடியோ. படிவத்தில் எத்தனை கேள்வி இருந்தாலும், பழைய கைபேசி ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து எடுத்த அரைமணி நேரப் பதிவுக்கு ஈடாகாது. பெரும்பாலான நாய்கள் ஆள் போன முதல் அரைமணிக்குள்ளேயே காட்டிவிடும். ஒருமுறை ஒருவர், “சோபாவைக் கிழிச்சுட்டான், சரியான பிரிவுப் பதற்றம்” என்று சொல்லி வந்தார். பதிவில் பார்த்தால், அவர் போனதும் நாய் ஒரு கொட்டாவி விட்டது. இரண்டு மணி நேரம் மல்லாந்து தூங்கியது. எழுந்து உடம்பை நீட்டி முறித்து, நிதானமாகச் சோபாவின் ஓரத்துக்குப் போய், பஞ்சை ஒரு கொத்து பிடுங்கி, தரையில் வைத்து விளையாடியது. அப்புறம் திரும்பத் தூங்கிவிட்டது. அதற்குப் பதற்றமும் இல்லை ஒன்றும் இல்லை, பொழுது போகவில்லை. காலையில் நன்றாக மோப்பம் பிடிக்க விட்டு நடத்திவிட்டு, கடித்துப் பிய்க்க ஏதாவது கொடுத்துவிட்டுப் போனால் முடிகிற விஷயம்.

இன்னொருவர் இதற்கு நேர் எதிர். “மொதல்ல ரெண்டு தடவை குலைப்பான், அப்புறம் சத்தமே இருக்காது, தூங்கிடுவான்” என்றார். பக்கத்து வீட்டிலும் புகார் இல்லை. பதிவில் அந்த நாய் தூங்கவே இல்லை. கதவைப் பார்த்தபடி, கதவிலிருந்து ஒரு முழம் தள்ளி, நின்றது. நாற்பது நிமிடம் நின்றது. இடது முன்காலைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தது. வாயிலிருந்து நூல் போல எச்சில் இறங்கி, தரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியது. வெளியே ஏதோ வண்டி நின்ற சத்தம் வரும்போதெல்லாம் காது மட்டும் திரும்பும். அந்த மனிதர் என்னோடு உட்கார்ந்துதான் அதைப் பார்த்தார். பத்தாவது நிமிடத்தில், “தண்ணியைச் சிந்திட்டான்னு தினமும் துடைச்சுட்டு இருந்தேனே” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. சத்தம் இல்லை என்பதைத் தூக்கம் என்று அவர் மொழிபெயர்த்திருந்தார். என் படிவத்தில் ‘குலைக்கிறதா: ஆம் / இல்லை’ என்று கட்டம் போட்டது நான்தானே, அவர் ‘இல்லை’யில் டிக் அடித்தார்.

தனியாக இருக்கும்போது நாய் படும் பாடு எல்லாம் ஒரே வகை இல்லை என்பதை இப்போது ஆய்வுகளும் சொல்கின்றன. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 2,700க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வந்தது. வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்கத் துடிப்பது, வெளியே இருக்கும் ஏதோ ஒன்றை நோக்கிப் போகத் துடிப்பது, வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கும் நடமாட்டத்துக்கும் பதறுவது, சலிப்பு என்று நான்கு விதமாக அதில் பிரித்தார்கள். நான்குக்கும் தடயம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதாவது கிழிந்த பொருள், குலைப்பு, ஈரம். வைத்தியம்தான் வேறு. கூண்டுக்குள்ளோ பூட்டிய அறைக்குள்ளோ போட்டால் மட்டும் பதறுகிற நாய்களும் உண்டு. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும். அதனால் ‘எவ்வளவு நேரம்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எந்த இடத்தில்’ என்று கேட்க வேண்டும். இதையும் நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்குக் குழப்பமே இல்லை. வீட்டுக்குள் சிறுநீர் போகிறது என்றால் முதலில் சிறுநீர்ப் பாதைத் தொற்று இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். ஆள் வீட்டில் இருக்கும்போதும் போகிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். வயதான நாய்க்குத் திடீரென்று தனிமை தாங்கவில்லை என்றால், மூளை தளர்கிற வியாதி, காது மந்தம், மூட்டுவலி எல்லாம் சந்தேகப் பட்டியலில் உண்டு. வலி இருக்கிற நாய் எளிதில் மிரளும். ஏற்கெனவே மருந்து கொடுக்கிறார்களா, எது, எந்தத் தேதியிலிருந்து என்பதைக் கேட்டே ஆக வேண்டும். நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குளோமிப்ரமினுக்கு 1998இலும் ஃபுளூவாக்ஸெடினுக்கு 2007இலும் ஒப்புதல் கொடுத்தது. இவை இன்றைக்குப் போட்டு நாளைக்குக் கேட்கிற மருந்துகள் இல்லை, வாரக்கணக்கில் ஆகும். பத்து நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு “மருந்து எடுபடலை” என்று நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். அதையும் படிவத்தில் வெறுமனே “மருந்து பலனளிக்கவில்லை” என்றுதான் எழுதுவார்கள்.

சத்தம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. “சத்தத்துக்குப் பயப்படுமா?” என்று கேட்டால் இடியை நினைத்துக்கொண்டு “இல்லை” என்பார்கள். பேட்டரி தீர்ந்த புகை எச்சரிக்கைக் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீச்’ என்று கத்துமே, அது யார் நினைவுக்கும் வராது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2021இல் வந்த ஆய்வு, இப்படி விட்டு விட்டு வரும் கீச்சுக் குரல்தான் நாய்களை அதிகம் தொந்தரவு செய்கிறது, வளர்ப்பவர்கள் அதைக் குறைத்தே மதிக்கிறார்கள் என்று சொல்கிறது. அதனால் இப்போது “தனியாக இருக்கும்போது வீட்டில் என்னென்ன சத்தம் கேட்கும்?” என்று கேட்கிறேன். பயமா இல்லையா என்ற தீர்ப்பை நான் சொல்லிக்கொள்கிறேன்.

பாவமன்னிப்பு

படிவங்களில் தகவல் கேட்கும் இடத்தில் மக்கள் பாவமன்னிப்பு எழுதுகிறார்கள். “நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன்.” “கட்டிலில் படுக்க விட்டது என் தவறு.” நாயின் உணவு நேரம் என்ற கட்டத்தில்கூட இதைப் பார்த்திருக்கிறேன். செல்லம் கொடுத்தால் பிரிவுப் பதற்றம் வரும் என்பது ஊர்பூராவும் நம்புகிற கதை. 1992இல் ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தேடிப் பார்த்தது. நாயை மனிதர் போல நடத்துவதற்கும் செல்லம் கொடுப்பதற்கும் நடத்தைக் கோளாறுகளுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. 2001இல் ஃபிளானிகனும் டாட்மனும் செய்த ஆய்விலும் செல்லத்துக்குப் பங்கு இல்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருக்கும் வீடுகளில் பிரிவுப் பதற்றம் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்று மட்டும் வந்தது. இதைச் சொன்னால் பலர் முகத்தில் ஒரு தளர்வு தெரியும். அதற்கப்புறம்தான் உண்மையான விவரங்கள் வரத் தொடங்கும். கூச்சப்படுகிற மனிதரிடம் நூறு கேள்வி கேட்டாலும் நூறு கூச்சமான பதில்தான் கிடைக்கும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் வார்த்தையில் இதமாகப் பேசுவேன். படிவம் என்ன பேசுகிறது என்று திரும்பிப் பார்த்ததில்லை.

செவலை

அந்த நாயின் நிறத்தை வைத்துச் செவலை என்றே சொல்கிறேன். ஆறு வயது. அந்தப் பெண்மணியும் செவலையும் மட்டும்தான் வீட்டில். வீட்டிலிருந்தே வேலை செய்பவர். படிவத்தை அவர் நிரப்பியது போல வேறு யாரும் நிரப்பியதில்லை. 71 கேள்விக்கும் அழகான, முழுமையான பதில்கள், வீடியோவும் கேட்டபடியே மூன்று. செவலைக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத பிரிவுப் பதற்றம். அவர் கதவைச் சாத்திய எட்டாவது நொடியில் மூச்சிரைப்பு, இருபதாவது நொடியில் ஊளை.

வழக்கமான முறையில் தொடங்கினோம். நாய் பதறத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வந்துவிட வேண்டும். கதவுவரை போய்த் திரும்புவது, கதவைத் திறந்து மூடுவது, ஒரு நொடி வெளியே, மூன்று நொடி வெளியே. நாய் நிதானமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டுவது. தினமும் காலை பத்து மணிக்கு ஒரு சுற்று. எத்தனை நொடி தாங்கியது என்று அவர் குறித்து அனுப்புவார். பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வருகிற வேலை, செய்பவருக்குப் பொறுமையைச் சோதிக்கிற வேலை. அவர் ஒரு நாள்கூடத் தவற விடவில்லை.

நாலு வாரம் ஆனது, ஐந்து வாரம் ஆனது. ஒவ்வொரு வாரத்தின் சராசரியை எடுத்து நான் ஒரு கோடு வரைந்துகொண்டிருந்தேன். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோதெல்லாம், “முன்னேற்றம் நேர்கோட்டில் போகாது, ஏறும் இறங்கும், விடாமல் செய்யுங்கள்” என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற வாக்கியம் அது. உண்மையும்கூட. என்ன செய்வதென்று தெரியாதபோதும் அதே வாக்கியத்தைத்தான் சொல்வோம் என்பதுதான் அதில் உள்ள வசதி.

ஏழாவது வாரம் ஒரு இரவு, மருந்துக்காக டாக்டரிடம் அனுப்பலாமா என்று யோசித்தபடி, சராசரிகளை ஒதுக்கிவிட்டு அவர் அனுப்பிய எண்களை மட்டும் ஒரே வரிசையாக எழுதிப் பார்த்தேன். 38, 9, 41, 12, 45, 10, 44, 8, 50, 11. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்க்கு ஏறும் இறங்கும், சரி. ஒன்றுவிட்டு ஒரு நாள் இறங்குமா? வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் ஒரு வாரத் திங்கள் நன்றாகவும் அடுத்த வாரத் திங்கள் மோசமாகவும் விழுந்திருக்கிறது. கிழமை வாரியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சராசரி எடுத்தால் சுத்தமாக மறைந்துவிடும். நாய் ஏழு வாரமாகத் தெளிவாகச் சொல்லிக்கொண்டே இருந்ததை நான்தான் கூட்டி வகுத்து அழித்திருக்கிறேன்.

மறுநாள் பேசினேன். எதையும் கண்டுபிடித்துவிட்ட தோரணை வந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே நினைத்துக்கொண்டேன். “நேத்து சாயங்காலம் ஆறு மணியிலேருந்து தூங்கப் போன வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு ஒண்ணொண்ணா சொல்றீங்களா?” என்று மட்டும் கேட்டேன். எதிர்முனையில் பேச்சு இல்லை. செவலையின் கழுத்து வில்லை தரையில் உரசும் சத்தம் கேட்டது.

“சார், நான் ஒண்ணு கேக்கறேன். சொன்னா பயிற்சியை நிறுத்திடுவீங்களா?”

அவருடைய அப்பா படுக்கையில் இருக்கிறார். அண்ணன் வீட்டில். இரவுச் சாப்பாடு ஊட்டி, துடைத்து, மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்க ஓர் ஆள் வேண்டும். அண்ணனும் இவரும் ஒரு நாள் மாற்றி ஒரு நாள் பார்த்துக்கொள்கிறார்கள். அண்ணிக்கு நாய் என்றால் ஆகாது, கூட்டிப் போக முடியாது. ஏழு மணிக்குப் போனால் ஒன்பதரை ஆகும். அந்த இரண்டரை மணி நேரம் செவலை தனியாக இருக்கிறது. பாட்டுப் போட்டுவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, பின்கதவு வழியாகப் பூனை மாதிரிப் போவாராம். திரும்பி வரும்போது படியிலேயே குரல் கேட்குமாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் இரவு இரண்டரை மணி நேரம் கதறிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த நாய் என் நொடிக் கணக்குக்கு நின்றிருக்கிறது.

“இதை நீங்க எழுதியிருக்கலாமே” என்றேன். கேட்டிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது.

“எப்படி சார் எழுதறது? உங்க ஃபார்ம்ல மேலயே போட்டிருந்துச்சே.”

எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம், முதல் வரி, தடித்த எழுத்து. “பயிற்சிக் காலத்தில் நாயை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது. இதற்கு ஒப்புக்கொள்பவர்கள் மட்டும் மேற்கொண்டு நிரப்பவும்.” நான் எழுதியதுதான். எழுதும்போது கறாராக இருக்கிறேன் என்ற திருப்தி இருந்தது நினைவிருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே வந்தவரிடம், 23ஆவது கேள்வியில், எத்தனை மணி நேரம் தனியாக விடுகிறீர்கள் என்று கேட்கிறேன். அந்தக் கட்டத்தில் எழுத அவருக்கு ஒரே ஒரு பதில்தான் மிச்சம் இருந்தது. உண்மையை எழுதினால் நாய்க்கு உதவி கிடைக்காது. அப்பாவை விட்டுவிடவும் முடியாது. படித்த, நேர்மையான, ஒரு நாள்கூடக் கணக்கு எழுதத் தவறாத ஒரு பெண்மணியை அந்தச் சொல்லை எழுத வைத்தது என் தடித்த எழுத்து.

அந்த வரி சொல்லும் விஷயம் தப்பில்லை என்பதுதான் இதில் சிக்கல். நாய் முழுப் பதற்றத்துக்குப் போனால் பயிற்சி பின்னால் போகிறது. செவலையின் எண்களைவிட அதற்கு நல்ல சான்று வேண்டாம். இதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர், “வரியை எடுக்காதே, முடியாதவங்க வரவே வேண்டாம், உன் நேரமும் மிச்சம்” என்கிறார். அவர் கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த வரி முடியாதவர்களை வடிகட்டவில்லை. முடியாததைச் சொல்லிவிடுகிறவர்களை மட்டும் வடிகட்டியது. மற்றவர்கள் உள்ளே வந்தார்கள், வாயை மூடிக்கொண்டு. செவலைக்கு முன்னால் வந்துபோன கணக்குகளை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வர ஒரு மாதம் ஆனது. வேறு இரண்டிலும் ஏதோ ஒரு வரிசை இருப்பது போலத் தெரிந்தது. இனி யாரிடம் கேட்பது.

இப்போது கேட்பது

71 கேள்விகள் இப்போது 19 ஆகிவிட்டன. மிச்சத்தைப் பேச்சில் கேட்டுக்கொள்கிறேன். முதல் வரியில் இப்போது இருப்பது ஒரு வாரத்துக்கான வெறும் கட்டம்: ஏழு நாள், ஒவ்வொரு நாளும் காலையிலிருந்து இரவுவரை. “நாயைத் தனியாக விடாமல் உங்களால் சமாளிக்கவே முடியாத நேரங்களில் கோடு போடுங்கள். எல்லா வீட்டிலும் சில கோடுகள் இருக்கும்.” அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சேர்த்த பிறகு வெற்றுக் கட்டம் ஒன்றுகூட வரவில்லை. தனியாக விடாதீர்கள் என்ற பேச்சு அதற்கப்புறம்தான், அந்தக் கோடுகளை இருவருமாகப் பார்த்துக்கொண்டு.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இருவரையும் தனித்தனியாக நிரப்பச் சொல்கிறேன். ஒரு தம்பதியிடம் “திரும்பி வந்து பார்க்கும்போது ஏதாவது கிழித்திருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டதற்குக் கணவர் “சுத்தம் செய்வோம்” என்றும், மனைவி “அவர் கத்துவார், நான் சுத்தம் செய்வேன்” என்றும் எழுதியிருந்தார்கள். ஒரே படிவமாக இருந்திருந்தால் எந்தப் பதில் வந்திருக்கும் என்பது தெரிந்ததே. இந்தப் பயிற்சியில் நம்பிக்கையே இல்லாதவர் வீட்டில் யார் என்றும் கேட்கிறேன். கேட்டதும் சிரிப்பார்கள், உடனே விரல் நீளும். அவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் மற்றவர் அரைமணியில் சொல்லாதது கிடைக்கும்.

“வழக்கமாக என்ன செய்யும்?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “நேற்று என்ன செய்தது?” என்றுதான் கேட்கிறேன். வழக்கம் என்பது ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்ட ஒன்று. நேற்றில் அப்படிப் பூசி மெழுகுவது கொஞ்சம் கஷ்டம். கேள்விகளைக் குறைத்தது போலவே வேலைகளையும் குறைத்தேன். 2000ஆம் ஆண்டில் டாகெயுச்சி, ஹூப்ட், ஸ்கார்லெட் மூவரும் பிரிவுப் பதற்ற சிகிச்சைகளைத் திரும்பிப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்துக்கு மேல் அறிவுரை கொடுக்கப்பட்டவர்களின் நாய்கள் தேறுவது குறைவு என்று அதில் வந்தது. நான் ஒரே மடலில் பதினான்கு கொடுத்தவன்.

இன்னொரு கேள்வியும் புதிது. “உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார்?” இதுவும் செவலையால் வந்ததுதான். அந்தப் பெண்மணியிடம் அன்று, வேறு யாராவது கூட இருந்தால் செவலை சும்மா இருக்குமா என்று கேட்டேன். சில நாய்களுக்குக் குறிப்பிட்ட ஓர் ஆள் வேண்டும், சிலவற்றுக்கு யாராவது ஓர் ஆள் இருந்தால் போதும். படிவத்தில் அதே கேள்விக்கு “தெரியவில்லை” என்று எழுதியிருந்தார். எப்படித் தெரியும், யாரிடமும் கேட்டதில்லையே. கேட்டால் ஏன் எதற்கு என்று சொல்ல வேண்டி வரும். தயங்கித் தயங்கிப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாராம். அவர், “ஆமாம்மா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அழும். ஏழு மணிக்கு ஆரம்பிக்கும். எனக்குத்தான் தெரியுமே” என்றாராம். நான் ஏழு வாரம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை அவர் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். புகார் கொடுக்கவில்லை, யாரும் கேட்காததால் சொல்லவும் இல்லை.

அந்த இரவுகளில் அவர் வந்து உட்காருவதாக ஏற்பாடு. முதல் நாள் செவலை எப்படி இருந்தது என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதித் தரச் சொல்லியிருந்தேன். ஒரு துண்டுக் காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். பேனா எழுத்து, நடுங்கும் கை.

“7.05 வந்தேன். 7.10 கதவருகே போய் நின்றது. 7.25 என் காலடியில் படுத்தது. 7.50 குறட்டை விட்டது. 8 மணிக்கு நானும் தூங்கிவிட்டேன். அதற்கு மேல் பார்க்கவில்லை.”